அடுப்பைத் திருத்திய ரம்போர்டு பிரபு

பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணவர் யாவரும் ரம்போர்டு பிரபுவின் பெயரை ஒருமுறையேனும் கேட்டிருப்பர். பீரங்கிக் குழலைக் குடையுங்கால் எழும் உராய்வினாலேயே, நெருப்பின் உதவி சிறிதுமின்றி, நீரைக் கொதிக்கச் செய்து காட்டியவர் என்ற அளவில் பாடநூல்கள் அவரை அறிமுகப்படுத்தி விட்டுவிடுகின்றன. ஆயினும் அவர் வாழ்ந்த நாளில் அவர் பெயரை இல்லந்தோறும் கொண்டு சென்றது பீரங்கியன்று, அடுப்பேயாகும். சில செங்கற்களும் சிறிது சுண்ணச்சாந்தும் கொண்டு, விறகும் கரியும் வீணாகாவண்ணம் வீட்டைச் சூடாக்கவும் உணவைச் சமைக்கவும் வழி கண்டவர் அவர். பிறர் வீட்டு நெருப்பையெல்லாம் திருத்திய அவருக்குத் தம் வீடு என்று சொல்ல ஓரிடமும் நெடுநாள் நிலைக்கவில்லை.

அவருடைய இயற்பெயர் பெஞ்சமின் தாம்ஸன். 1753-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 26-ந் தேதி, அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் குடியேற்ற நாட்டைச் சேர்ந்த வூபர்ன் என்னும் சிற்றூரில் உழவர் குடியொன்றில் அவர் பிறந்தார். மகனுக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தையார் இறந்தார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். பதின்மூன்றாம் வயதில், அந்நாட்டுச் சேலம் என்னும் துறைமுக நகரத்தில் வணிகர் ஒருவரிடம் தொழில் பழக விடப்பட்ட சிறுவனுக்குக் கணக்கேட்டில் மனம் செல்லவில்லை. எதையும் தானே செய்து பார்க்கும் ஆவல் மிகுந்த அவன், வாணம் செய்ய வேண்டி மருந்தை அரைத்தபொழுது அது வெடித்து உடல் வெந்து, பலநாள் படுக்கையிற் கிடந்தான். நெருப்போடு அவனுக்கு ஏற்பட்ட முதற் பழக்கம் அது. பின்னர் லோவம்மி பால்ட்வின் என்ற நண்பனுடன் பல மைல் நடந்து சென்று, ஹார்வர்டு கல்லூரியில் விந்த்ரப் என்னும் பேராசிரியர் நிகழ்த்திய விஞ்ஞான விரிவுரைகளைக் கேட்டு வருவான். அவன் பெற்ற உயர்தரக் கல்வி அவ்வளவே.

1772-ம் ஆண்டில் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள கான்கார்டு என்னும் ஊரில் அவர் பள்ளி ஆசிரியரானார். அவ்வூருக்கு முன்னர் வழங்கிய பெயர் ரம்போர்டு என்பது. அங்கே செல்வம் மிக்க கைம்பெண்ணாகிய ஸாரா ரோல்ப் அம்மையாரை அவர் மணந்தார். மணமகனுக்கு வயது பத்தொன்பது. மணமகள் முப்பது கடந்தவர். இம்மணத்தால் ஏழை ஆசிரியர் ஒருநாளிற் பெருநிலக்கிழாரானார். கவர்னரின் தயவால் படையில் மேஜர் பதவியும் பெற்றார். 1774-ல் ஒரு பெண்மகவு பிறந்தது. அதற்குத் தாயின் பெயரையே இட்டனர்.

அப்பொழுது அமெரிக்க மக்கள் இங்கிலாந்து மன்னரின் ஆட்சியை எதிர்த்து எழுந்துகொண்டிருந்தனர். தாம்ஸன் மன்னர் பக்கம் சேர்ந்தவர் என்னும் ஐயம் ஊரெங்கும் பரவ, கூட்டத்தார் அவர் வீட்டை முற்றுகையிட வந்தனர். அவர் முன்னரே தப்பியோடிவிட்டார். மனைவியும் சில வாரக் குழந்தையும் வீட்டிலேயே விடப்பட்டனர். ஊரார் ஐயம் பொய்யன்று என்பதற்குச் சான்றாக, மறைமசியில் 1775-ல் அவர் எழுதியதாகக் கருதப்படும் ஒற்றுக் கடிதமொன்று பிற்காலத்திற் கண்டெடுக்கப்பட்டது. 1776-ல் ஆங்கிலேயர் பாஸ்டன் நகரைக் கைவிட்டபோது தாம்ஸன் கப்பலேறி லண்டனுக்குச் சென்றார். மனைவியை அவர் மறுபடி காணவில்லை. அறிஞருடைய வரலாற்றை எழுதுவோர் இப்பகுதியை விரைந்து கடந்து செல்வது வழக்கம். பெரியோரின் குறைகளை மூடுவதால் அவர் நிறைகள் வளர்வதில்லையாதலால் இதனை மறையாது கூறினோம்.

லண்டனில் அவர் வளர்ந்த வேகம் வியப்பிற்குரியது. மந்திரி ஒருவரின் நம்பிக்கையைப் பெற்று, 1779-ல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினராகி, அடுத்த ஆண்டில் அரசாங்க உதவிக் காரியதரிசியாகவும் உயர்ந்தார். 1784-ல் மன்னர் அவருக்கு ‘ஸர்’ பட்டம் அளித்தார். அதன்பின் ஜெர்மானிய நாடுகளுள் ஒன்றாகிய பவேரியாவின் அதிபர் கார்ல் தியோடோரிடம் பணி ஏற்று மியூனிக் நகரத்தில் வாழத் தொடங்கினார். அவர் வாழ்க்கையின் பயன்மிக்க பகுதி இங்கேதான் ஆரம்பமாகிறது.

பவேரியப் படைவீரர் நிலை அக்காலத்தில் மிகவும் இரங்கத்தக்கதாய் இருந்தது. அவர்களுக்குக் குறைந்த செலவில் நல்ல உடையும் உணவும் அளிக்கும் பொறுப்பு தாம்ஸனைச் சேர்ந்தது. எந்தத் துணி குளிரை நன்கு தடுக்கும் என்று வணிகரை வினவாமல், அவர் வெப்பமானியை வினவினார். வெப்பமானியின் குமிழை ஒரு கண்ணாடி உருண்டைக்குள் வைத்து, இடையிலுள்ள வெளியில் பட்டு, பஞ்சு, கம்பளி, மென்மயிர், பறவைத் தூவி ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிரப்பிச் சூடேற்றிப் பனிக்கட்டியுள் அமிழ்த்தி, ஒவ்வொரு முறையும் அது குளிர்வதற்குச் செல்லும் காலத்தைக் குறித்தார். கம்பளிக்கு வெப்பம் தரும் ஆற்றல் ஒன்றுமில்லை என்றும், அதன் இழைகளினிடையே அசையாது சிறைப்பட்டிருக்கும் காற்றே வெப்பத்தை வெளிச்செல்ல விடாது காக்கின்றது என்றும் அவர் கண்டார். இவ்வாராய்ச்சிக்காக ராயல் சொசைட்டியார் 1792-ல் அவருக்குக் காப்லி பதக்கம் வழங்கினர். சாளரத்திற்கு ஒரு கண்ணாடிக்கு இரண்டாக இட்டு இடையே காற்றை அடைத்து வைத்தால் அறையின் வெப்பம் வெளியேறாது. பாத்திரத்தின் மூடியை இரட்டைத் தகட்டாற் செய்தால் உள்ளிருக்கும் சூடு நெடுநேரம் நிற்கும். காற்றைவிட மலிவான பொருள் உலகில் வேறு யாதுளது?

மியூனிக் நகரத்தில் அப்பொழுது பிச்சைக்காரர் தொல்லை எல்லை மீறியிருந்தது. தெருவிலும் கோயிலிலும் வீட்டினுள்ளும் புகுந்து அவர்கள் இரந்தனர். 1790-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, புத்தாண்டு ஈகை பெற அவர்கள் பெருந்திரளாகத் தெருவில் நின்றபோது, படைத்தலைவரும் நகர அதிகாரிகளும் புறப்பட்டு அவர்களைப் பிடித்தனர். முதற் பிச்சைக்காரரின் தோளைத் தொட்டவர் தாம்ஸனே. ஒரு வாரத்திற்குள் 2,600 பேர் பதிவு செய்யப்பட்டனர். ஆனால் அவர்களுக்காகக் காத்திருந்தது சிறைச்சாலையன்று. நகர்ப்புறத்தில் பாழாய்க் கிடந்த தொழிற்சாலை ஒன்று துப்புரவு செய்யப்பட்டு, வெப்பமான கூடங்களும் இராட்டைகளும் சமையற்கூடமும் அமைக்கப்பட்டிருந்தன. மறுநாள் அங்கே வருமாறு சொல்லி அவர்களை வீட்டிற்கு அனுப்பினர். வந்தவர் நூல் நூற்றனர், படைக்கு உடை தைத்தனர், கூலி பெற்றனர், நண்பகலில் சூடான உணவு உண்டனர். மக்களை நல்லவராக்கிய பின்னரே இன்பமுறச் செய்யலாம் என்னும் பழைய கொள்கையைத் தலைகீழாக்கி, முதலில் அவர்களை இன்பமுறச் செய்து பார்ப்போம் என்பது அவர் எண்ணம். குளிரில் நடுங்குபவனுக்கு நீதி போதிப்பதற்கு முன்னர் அவனை நெருப்பருகே உட்கார வைக்க வேண்டும் என்று அவர் உணர்ந்திருந்தார்.

இத்தனை பேருக்கும் நாள்தோறும் உணவளிக்கப் பணம் வேண்டுமன்றோ? இங்கேதான் அடுப்பின் ஆராய்ச்சி தொடங்கிற்று. உணவுக்காக அவர் தேர்ந்தது வாற்கோதுமையும் பட்டாணியும் நீரில் நெடுநேரம் வெந்த குழம்பு. பின்னர் உருளைக்கிழங்கும் சேர்க்கப்பட்டது. அக்கிழங்கை அந்நாட்டார் அருவருத்தமையால், முதலில் அது உருத்தெரியாமல் குழையச் சமைத்துக் கலந்தனராம். காடியும் உப்பும் இட்டு, மேலே உலர்ந்த ரொட்டித் துண்டுகளைத் தூவி அதனை வழங்கினர். நீரே உணவாக மாறிச் சத்தளிக்கின்றது என்று தாம்ஸன் நம்பியது பிழை. குழம்பு பசியாற்றியதற்குக் காரணம் தானியமும் கிழங்குமேயன்றி நீரன்று. ஆயினும் அதனை ஆக்கிய முறையில் பிழையில்லை.

அந்நாளைய ஐரோப்பியச் சமையலறையில் நெருப்பு திறந்தபடி எரியும். பாத்திரம் அதன்மேல் தொங்கும். அனலில் எட்டில் ஏழு பங்கு புகையோடு கூடிப் புகைக்கூண்டின் வழியே வானுக்குச் செல்வதாகத் தாம்ஸன் கணக்கிட்டார். ஒரு தேநீர்க் கெண்டியைக் காய்ச்சுவதற்குச் செலவாகும் விறகைக் கொண்டு, முறையறிந்தால் ஐம்பது பேருக்கு விருந்து சமைக்கலாம் என்றும் எழுதினார். அவர் கட்டுவித்த அடுப்பில் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் தனித்தனியே சிறு நெருப்பு உண்டு. பாத்திரம் செங்கற் கட்டினுள் பொருந்தி அமர்ந்திருக்கும். சுவாலை அடியைத் தொட்டுவிட்டு ஓடிப்போகாமல், வளைந்த வழிகளாற் பாத்திரத்தின் பக்கங்களையும் சுற்றி வந்த பின்னரே புகைவழியை அடையும். சாம்பற்குழியின் வாயில் ஒரு கதவு. புகைவழியில் ஒரு தடுப்புத் தகடு. இரண்டையும் திறந்தும் சாத்தியும் காற்றை அளந்து விட்டால் நெருப்பும் அளவோடு எரியும். நம் பாட்டிமார் அடுப்போடு கொடியடுப்பையும் சேர்த்துக் கட்டி, தப்பியோடும் அனலில் மற்றொரு பாத்திரத்தை வைத்து இறக்கியது இதற்கு நெருங்கிய உறவுடைய நுட்பமே. இவ்வமைப்பால், ஆயிரம் பேருக்கு ஒருவேளை உணவு சமைக்க மியூனிக்கில் நாலரைப் பென்னி பெறுமான விறகே செலவாயிற்று என்பது அவர் எழுதிவைத்த கணக்கு.

செங்கல்லும் வேண்டாத சிக்கனமும் அவர் சொன்னார். நீர் ஒருமுறை கொதித்துவிட்டால், மேன்மேலும் விறகை இட்டு அதனைப் பொங்கிக் குமுறச் செய்வதால் அதன் சூடு ஓர் அளவும் ஏறுவதில்லை. மெல்லக் கொதிக்கும் நீரும் கொந்தளிக்கும் நீரும் ஒரே வெப்பநிலையில் உள்ளவை. அதிகமாய் இட்ட விறகு முழுவதும் ஆவியாய்ப் போகின்றது. ஆதலின் கொதி வந்தவுடன் நெருப்பைக் குறைத்துப் பாத்திரத்தை மூடிவிடுக என்பது அவர் விதி. வெப்பமானியை ஒருமுறை நீரில் வைத்துப் பார்த்தவர் எவரும் இதனை மறுத்தற்கில்லை. எனினும் அன்றைய சமையற்காரருள் இதனை நம்பியவர் சிலரே. மென்சூட்டின் வலிமையை அவர் அறிந்ததும் தற்செயலாகவே. உருளைக்கிழங்கு உலர்த்தும் பொறியில் ஆட்டிறைச்சியை வைத்து மூன்று மணிநேரம் காத்தும் அது வேகாமையால், முயற்சியைக் கைவிட்டுப் பணிப்பெண்களிடம் விட்டுச் சென்றார். அவர்களோ, அப்படியே இரவு முழுவதும் விட்டுவைத்தனர். காலையில் அது நன்கு வெந்து, மிக்க சுவையுடையதாய் இருந்தது.

விளக்கையும் அவர் விடவில்லை. இரண்டு விளக்குகளின் ஒளியை அவை வீழ்த்தும் நிழல்களைக்கொண்டு ஒப்பிடும் கருவியொன்றை இயற்றினார். மெழுகுவத்தியின் கருகிய திரியைக் கத்தரிக்காமல் ஏறக்குறைய அரைமணி நேரம் விட்டால், அதன் ஒளி ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது என்று அதனால் அறிந்தார். மெழுகு குறையாமற் செலவாகிறது. வெளிச்சம் மட்டும் குறைகிறது. கத்தரியால் ஒரு நொடி செய்யும் வேலைக்கு எத்துணைப் பயன்!

1791-ல் அவருக்குப் பிரபுப் பட்டம் வழங்கப்பெற்றபோது, அதற்கு அவர் தேர்ந்த பெயர் ரம்போர்டு. மனைவியையும் குழந்தையையும் விட்டு ஓடிவந்த ஊரின் பெயரையே அவர் தம் பெயராக்கிக் கொண்டார். அடுத்த ஆண்டில் அவ்வூரிலேயே மனைவியார் இறந்தார்.

ரம்போர்டு பிரபு மியூனிக்கில் கடும் நோயுற்றுக் கிடந்த சமயம், தொழில் இல்லத்து ஏழைகள் தாமாகவே ஊர்வலமாகப் பெருங்கோயிலுக்குச் சென்று அவருக்காக வேண்டிக்கொண்டனர். அவர்கள் கத்தோலிக்கர், அவரோ அந்நியர், பிராட்டஸ்டண்டு மதத்தினர். சில ஆண்டுகள் கழித்து இத்தாலியில் அவர் மறுபடி நோயுற்ற செய்தி எட்டியபோதும், வேலை முடிந்த மாலைவேளையில் நாள்தோறும் ஒருமணி நேரம் அவர்கள் கூடி ஜெபம் செய்தனர். தமக்குக் கிடைத்த பட்டங்களையும் பதக்கங்களையும்விட இதனையே உள்ளம் உருகி அவர் எழுதியிருக்கிறார். அவர் மக்களை நேசியாமலே மக்களுக்கு நன்மை செய்தவர் என்ற கருத்தைப் பிரெஞ்சு அறிஞர் குவியர் தமது இரங்கலுரையில் வெளியிட்டார். அதில் உண்மை உண்டு. ஆனால் சூடான கூடத்தில் அமர்ந்து குழம்புண்ட அந்த ஏழைகள் அவ்வாறு எண்ணவில்லை.

1795-ல் தம் கட்டுரைகளை அச்சிடும் பொருட்டு அவர் லண்டனுக்குத் திரும்பினார். நகருள் நுழைந்த அன்றே வண்டியிலிருந்த பெட்டியைக் கள்வர் கொண்டுபோயினர்; பல்லாண்டு எழுதிச் சேர்த்த குறிப்புகள் அதனோடு மறைந்தன. எனினும் லண்டன் நகரத்துப் புகை அவருக்கு உடனே வேலை கொடுத்தது. நம் நாட்டில் அடுப்பு பெரும்பாலும் சமைப்பதற்கே உரியது. இங்கிலாந்திலோ, குளிர்காய்வதற்கென்று ஒவ்வோர் அறைச்சுவரிலும் ஒரு கணப்பு உண்டு. அந்நாளில் அது சதுரமான பெரும் பெட்டி போன்றது. மேலே புகை செல்லும் தொண்டை ஓர் ஆள் ஏறக்கூடிய அகலமுடையது. கரி எரிய எரிய, அறையிலுள்ள சூடான காற்று முழுவதும் அத்தொண்டையின் வழியே வெளியேறும். அதனை ஈடு செய்யக் கதவிடுக்கிலும் சாளர இடுக்கிலும் குளிர்காற்று பாயும். முன்புறம் வெந்து முதுகு விறைக்க மக்கள் அமர்ந்திருந்தனர். பல வீடுகளில் புகையும் அறைக்குள்ளேயே திரும்பிற்று.

கணப்பு அறையைச் சூடாக்குவது காற்றினால் அன்று, நெருப்பினின்று நேரே பாயும் கதிர்களாலேயே என்று ரம்போர்டு தெளிந்தார். ஆகவே கதிர் அறைக்குள் வரவேண்டும். காற்று வீணே மேலே போகலாகாது. பின்சுவரை முன்னே கொணர்ந்து, அதன் அகலத்தை வாயின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காக்கினார். பக்கச் சுவர்களை நேராக விடாமல், பின்சுவரோடு 135 பாகைக் கோணத்தில் விரிந்து நிற்குமாறு சாய்த்துக் கட்டினார். இரும்புத் தகடுகளை அகற்றிச் செங்கல்லும் கல்லும் வைத்து, பக்கங்களுக்கு வெள்ளை அடிக்கச் செய்தார். வெண்மை கதிரைத் திருப்பி அறைக்குள் வீசுமன்றோ? தொண்டையை நான்கு அங்குலமாகக் குறுக்கினார். தொண்டை குறுகவே புகை நேராக மேலே சென்றது, அறைக்காற்று தங்கிற்று. அக்காலத்தில் புகைக்கூண்டினுள் ஏறிக் கரியைத் துடைக்கச் சிறுவர் இருந்தனர். நான்கு அங்குல இடைவெளியில் அவர்கள் எங்ஙனம் நுழைவர்? அதற்காகப் பின்சுவரின் மேற்பகுதியில் ஒரு கல்லைச் சாந்திட்டுப் பூசாமல் எடுத்து வைக்கக்கூடியதாக விட்டார். கரியில் பாதிக்கு மேலும் மிச்சம் என்பது அவர் கண்ட முடிவு. இதற்கு ஆகும் செலவோ, கொத்தனுக்குச் சில மணிநேரக் கூலியும் சிறிது செங்கல்லும் சாந்துமே.

பாமர்ஸ்டன் பிரபு முதலிய செல்வர் வீடுகளிலும், அநாதைக் குழந்தைகளின் விடுதியாகிய பவுண்டிலிங் ஆஸ்பத்திரியின் சமையலறையிலும் அவரே நின்று வேலை செய்வித்தார். சில மாதங்களில் லண்டனில் மட்டும் நூற்றுக்கணக்கான கணப்புகள் திருத்தப்பட்டன. தம் புதுமைகளுள் ஒன்றிற்கேனும் அவர் தனியுரிமை பெறவில்லை. எவரும் தம் கட்டுரையைப் படித்துத் தாமே கட்டிக்கொள்ளலாம் என்று அளவுகளை வெளியிட்டுவிட்டார். 1800-ல் கில்ரே என்னும் சித்திரக்காரர், அப்பிரபு தம் கணப்பின்முன் கோட்டின் பின்புறத்தைத் தூக்கிக் குளிர்காய்வதாக நகைச்சித்திரம் தீட்டினார். ஜேன் ஆஸ்டின் அம்மையார் தமது நாவலொன்றில், பழைய மடாலயத்தின் இருண்ட கணப்பைக் காண விரும்பிச் சென்ற கதாநாயகி அங்கே ரம்போர்டு கணப்பைக் கண்டு ஏமாறுவதாக எழுதினார்.

இடையில் 1796-ல் மகள் ஸாரா அமெரிக்காவிலிருந்து அவரிடம் வந்து சேர்ந்தாள். தொட்டிலில் விட்டுவந்த குழந்தை, இருபத்தொரு வயதுப் பெண்ணாக அவர்முன் நின்றாள். இருவரும் மியூனிக்குக்குச் சென்றனர். அங்கே படைக்கலச் சாலையில் பீரங்கி குடைவதைக் கண்காணிக்கையில்தான் அப்பேர்பெற்ற சோதனை நிகழ்ந்தது. குதிரைகள் பொறியைச் சுற்ற, மழுங்கிய துரப்பணம் வெண்கலத்தில் உராய, சூழ்ந்திருந்த நீர் இரண்டரை மணிநேரத்தில் கொதித்தது. வெப்பம் என்பது கலோரிக் என்னும் ஒரு திரவம் என்று கருதிய கொள்கை அன்றே ஆட்டங்கண்டது. அது ஒருவகை இயக்கமே என்று 1798-ல் அவர் எழுதினார். ஆயினும் சிக்கனம் அவரைவிட்டு நீங்கவில்லை. இம்முறையில் நீர் காய்ச்சுவது ஆதாயமன்று என்றும், குதிரைக்கு இடும் தீனியை எரித்தாலே அதனினும் மிக்க வெப்பம் கிடைக்கும் என்றும் அக்கட்டுரையிலேயே குறித்துவைத்தார்!

1799-ல் லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் கழகத்தை நிறுவுவதில் அவரே முதல்வராய் நின்றார். தொழிலாளரும் இல்லத்தாரும் சிக்கனக் கருவிகளைக் கண்டு கற்கும் இடமாக அது விளங்கவேண்டும் என்பது அவர் கருத்து. இளைஞர் ஹம்ப்ரி டேவியை 1801-ல் அங்கே அமர்த்தினார். கழகம் வேறு வழியில் வளர்ந்து புகழ்பெற்றது. பிறரோடு இணங்கிப் போகும் இயல்பில்லாத ரம்போர்டு அதனை விட்டு அகன்றார்.

1805-ல் பாரிஸ் நகரத்தில் அவர் இரண்டாம் மணம் செய்துகொண்டார். மணமகள், புரட்சியிற் கொலையுண்ட மேதை லவாய்ஸியரின் மனைவியார். கலோரிக் என்ற கொள்கையை நிலைநாட்டியவரே அந்த லவாய்ஸியர். அம்மையார் விருந்தினரை விரும்பினார். பிரபு அமைதியையும் சோதனையையும் விரும்பினார். ஒருநாள் தம்மைக் கேளாமல் அழைக்கப்பட்ட விருந்தினர் நுழையாதபடி அவர் வாயிற்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். அம்மையாரோ அவர் அருமையாக வளர்த்த பூஞ்செடிகளின்மேல் கொதிநீரை ஊற்றிவிட்டார். 1809-ல் இருவரும் பிரிந்தனர்.

பாரிஸை அடுத்த ஓத்தேல் என்னும் சிற்றூரில் அவர் தனித்து வாழ்ந்தார். வெண்ணிற உடை உடலின் வெப்பத்தைக் குறைவாகவே வெளிவிடும் என்னும் தம் கொள்கைப்படி, குளிர்காலத்தில் வெள்ளை அங்கியும் வெள்ளைத் தொப்பியும் அணிந்து வெளியே செல்வார். தெருவார் திரும்பி நோக்குவர். காப்பியின் மணம் கெடாமல் வடித்து இறக்கும் பாத்திரத்தைப் பற்றி 1812-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மகள் மறுபடி வந்து சிலகாலம் உடனிருந்தாள். 1814-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி காய்ச்சலால் அவர் காலமானார். வெப்பத்தையும் ஒளியையும் பற்றிய ஆராய்ச்சிக்கென அவர் 1796-ல் ராயல் சொசைட்டிக்கு அளித்த ஆயிரம் பவுனிலிருந்து வழங்கப்படும் பதக்கத்தைப் பிற்காலத்தில் டேவி, பாரடே, பாஸ்டர், மாக்ஸ்வெல் ஆகியோர் பெற்றனர். சிறுவயதில் நடந்து சென்று பாடம் கேட்ட ஹார்வர்டுக்கு, பேராசிரியர் பதவியொன்றை நிறுவப் பொருள் விட்டுச் சென்றார்.

மகள் ஸாரா மணம் புரியவில்லை. கான்கார்டில் தான் பிறந்த அதே வீட்டில் 1852-ல் இறந்தாள். தாயற்ற ஏழைச் சிறுமிகளுக்கு இருப்பிடமாகும்படி அவ்வீட்டை அவள் எழுதிவைத்திருந்தாள்.